ரயிலுக்காகக் கட்டிய பாலைவன விடுதி: லா பொசாடா கேள்வி பதில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வின்ஸ்லோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் லா பொசாடா விடுதியைப் பற்றியும், அதற்குள் இருக்கும் டர்காய்ஸ் ரூம் உணவகத்தைப் பற்றியும் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன் போகிறோம். ஃப்ளாக்ஸ்டாஃபிலேயே தங்கினால் போதாதா? கிழக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வின்ஸ்லோ போவது வீண் அலைச்சல் இல்லையா?

இல்லை தம்பி. ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினால் பாதிதான் கிடைக்கும். போகிற வழியிலேயே விண்கல் விழுந்த பெரும்பள்ளம் இருக்கிறது. கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர் அகலம், விழுந்து சுமார் 50,000 வருஷம் ஆகிறது. வின்ஸ்லோவைத் தாண்டிக் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் மரங்கள் கல்லாகிப்போன பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு விடுதி அமைந்திருப்பது நல்ல வசதி.

இந்த அத்துவானக் காட்டில் இவ்வளவு பெரிய விடுதியை யார் கட்டினார்கள்? எதற்காக?

சான்டா ஃபே ரயில்வே கட்டியது, ரயில் பயணிகளுக்காக. நடத்தியது ஃபிரெட் ஹார்வி கம்பெனி. ஹார்வி இங்கிலாந்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்தவர். அந்தக் காலத்தில் மேற்கு நோக்கிப் போகும் ரயிலில் சாப்பாடு என்றால் கெட்டுப்போன கறியும் பழைய காப்பியும்தான். 1876இல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா ரயில் நிலையத்தில் வெள்ளை மேஜை விரிப்பு போட்டு, சுத்தமான சாப்பாடு போட ஆரம்பித்தார். அது அப்படியே தண்டவாளத்தோடு மேற்கே பரவியது.

வண்டி நிற்பதே அரை மணி நேரம். அதற்குள் ஒரு ரயில் கூட்டமே உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். எப்படி முடிந்தது என்றால், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று முன்கூட்டியே தந்தி போய்விடும். பரிமாற 'ஹார்வி கேர்ள்ஸ்' என்ற பெண்கள் இருந்தார்கள். கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன். ஒரு பெண் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே உங்கள் கோப்பையைத் தொட்டு வைத்துவிட்டுப் போவார். நிமிர்த்தி வைத்தால் காப்பி, கவிழ்த்து வைத்தால் தேநீர், கவிழ்த்துச் சாசரை விட்டுத் தள்ளி வைத்தால் பால். பின்னால் வரும் பெண் ஒரு வார்த்தை பேசாமல் சரியாக ஊற்றிவிடுவார். அந்த நிர்வாகத் திறமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கட்டடத்தை வடிவமைத்தது ஒரு பெண் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மேரி கோல்ட்டர், 1869இல் பிறந்தவர். கட்டடக் கலையில் பெண்களே அபூர்வமாக இருந்த காலத்தில் ஹார்வி கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தார். கிராண்ட் கேன்யனில் நீங்கள் பார்க்கப் போகும் ஹோப்பி ஹவுஸ், ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், டெசர்ட் வியூ கோபுரம் எல்லாம் அவர் கைவண்ணம். ஆனால் தன் வேலைகளிலேயே தலைசிறந்தது என்று அவர் கருதியது லா பொசாடாவைத்தான்.

வேலையை அவர் ஒரு கதையிலிருந்து தொடங்கினார். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு செல்வந்தக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பெரிதாக்கிய பண்ணை வீடு இது என்று மனதில் வைத்துக்கொண்டார். அதனால்தான் கட்டடம் ஒரே சீராக இருக்காது. தாழ்வாரம் திடீரென்று திரும்பும், இரண்டு படி இறங்கும். நாற்காலி, பெட்டி, விளக்கு என்று ஒவ்வொன்றையும் அந்தக் கதைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பலவற்றைப் பழைய மாதிரி பார்த்துப் புதிதாகவே செய்ய வைத்தார். நின்றுகொண்டிருக்கும் காட்டு முயல் வடிவத்தில் சாம்பல் கிண்ணங்கள்கூடச் செய்ய வைத்தார்.

இன்னொன்று கவனியுங்கள். காரில் போகிறவர்கள் ரூட் 66 சாலைப் பக்கமாக நுழைகிறோம். வீட்டின் முகம் தண்டவாளத்தைப் பார்த்து இருக்கிறது. உள்ளே போனதும் நேராகத் தெற்கே நடந்து, தண்டவாளப் பக்கம் இறங்கி, அங்கிருந்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் நினைத்த வீடு அப்போதுதான் தெரியும்.

திறந்த உடனே ஓஹோ என்று ஓடியதா?

காலம் ஒத்துழைக்கவில்லை. 1929இல் பங்குச் சந்தை விழுந்தது, விடுதி திறந்தது 1930 மே மாதம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூட்டம் இருந்தது. அப்புறம் ஜனங்கள் காருக்கும் விமானத்துக்கும் மாறிவிட்டார்கள். 1957இல் மூடினார்கள். பின்னால் சாமான்களை ஏலம் விட்டார்கள். ரயில்வே அதைத் தன் அலுவலகமாக்கி, கூடங்களைத் தடுத்து அறை அறையாகப் பிரித்தது. கோல்ட்டர் 1958 வரை உயிரோடு இருந்தார். விடுதி மூடப்பட்டதை அவர் பார்க்க வேண்டி வந்தது. அதே 1957இல்தான் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் ஊரில் அவர் வடிவமைத்த எல் நவஹோ விடுதியை இடித்தார்கள். எனக்கு இந்த இடம் எப்போதும் மனசைப் பிசையும்.

பிறகு எப்படித் தப்பித்தது?

1990களில் ரயில்வே காலி செய்ய முடிவெடுத்தபோது இதுவும் இடிபடும் நிலைக்கு வந்துவிட்டது. ஆலன் ஆஃபெல்ட் என்பவர் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை நடத்தி 1997இல் வாங்கினார். அவரும், மனைவி டீனா மியோன் என்ற ஓவியரும், நண்பரான சிற்பி டேனியல் லட்ஸிக்கும் அங்கேயே குடியேறி, சில அறைகளைச் சரிசெய்து, விருந்தினரை வைத்துக்கொண்டே மீதியைச் சரிசெய்தார்கள். சுவர்களில் இன்று தொங்கும் பெரிய ஓவியங்கள் டீனா மியோன் வரைந்தவை. சொந்த வீடாக நினைத்து யாராவது குடியிருந்தால்தான் இப்படிப்பட்ட கட்டடங்கள் பிழைக்கும் என்பது என் கருத்து. ஆஃபெல்ட் பின்னாளில் நியூ மெக்சிகோவின் லாஸ் வேகாஸ் ஊரில் இருந்த காஸ்டன்யேடா என்ற பழைய ஹார்வி விடுதியையும் மீட்டு, 2019இல் திறந்தார்.

டர்காய்ஸ் ரூமில் அப்படி என்ன விசேஷம்? எதைச் சாப்பிட வேண்டும்?

பெயர் சூப்பர் சீஃப் என்ற சொகுசு ரயிலில் இருந்த தனி விருந்து அறையின் பெயர். உணவகத்தை 2000இல் தொடங்கியவர் ஜான் ஷார்ப். ஹார்வி மாதிரியே இவரும் இங்கிலாந்துக்காரர். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். இருந்தாலும் அவர் போட்ட பாதையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் சூப். ஒரே கிண்ணத்தில் ஒரு பாதி மஞ்சளாகச் சோள சூப், மறு பாதி கறுப்பு பீன்ஸ் சூப். இரண்டையும் இரண்டு பக்கமிருந்து ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும், இரண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலந்துவிடும். மேலே சிவப்பு மிளகாய்ச் சாந்தால் ஒரு கோடு இழுத்துத் தருவார்கள். நடுவில் கரண்டியை விட்டு இரண்டையும் சேர்த்து ஒரு வாய் எடுங்கள். சோளத்தின் இனிப்பு முதலில் வரும், மிளகாயின் புகை வாசம் பின்னால் வரும்.

அடுத்து பீக்கி. வடக்கே மேட்டுநிலங்களில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்களின் ரொட்டி. நீலச் சோள மாவில் செடிச் சாம்பல் கலந்து கரைத்து, நெருப்பில் காய்ந்த வழவழப்பான கல்லின் மேல் வெறும் கையால் ஒரே வீச்சில் தடவுவார்கள். நம்ம பேப்பர் ரோஸ்ட்டை விட மெல்லிசாக வரும். சுடச்சுடச் சுருட்டிவிடுவார்கள், ஆறினதும் நொறுங்கும். டர்காய்ஸ் ரூமில் அதோடு ஹோப்பி நிலத்தில் விளைந்த டெபரி பயற்றை மசித்துக் கொடுத்தார்கள். மழை அரிதான மண்ணில் விளையும் பயறு அது.

மூன்றாவது சுர்ரோ என்ற செம்மறி ஆட்டுக்கறி. ஸ்பானியர்கள் கொண்டுவந்த ஆடு, நவஹோ பழங்குடி மக்களின் வாழ்க்கையோடு ஒன்றிப்போனது. 1930களில் மேய்ச்சல் நிலம் பாழாகிறது என்று சொல்லி அரசாங்கமே மந்தை மந்தையாகக் கொன்றது. 1970களில் சில நூறு ஆடுகள்தான் மிச்சம். அங்கிருந்து இனத்தை மீட்டெடுத்தார்கள். வளர்க்கிறவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தானே மந்தை பெருகும்? ஒரு நல்ல சமையலறை தொடர்ந்து வாங்குவது அதற்கு எவ்வளவு பெரிய துணை! இந்த உணவகத்துக்குக் கிடைத்த புகழில் பாதி, அக்கம்பக்கத்து விவசாயிகளிடமும் மேய்ப்பர்களிடமும் வாங்கிச் சமைத்ததற்குக் கிடைத்தது என்பேன்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை அம்மா. சோளம், பயறு, பூசணி, மிளகாய் எல்லாமே அந்த மண்ணின் சாப்பாடுதான். ஆனால் அந்தப் பக்கத்துச் சமையலில் பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சூப்பிலும் மிளகாய்க் குழம்பிலும் கோழிச் சாறும் சேர்ப்பது சகஜம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சாறும் கொழுப்பும் கூடாது என்று விளக்கிச் சொல்லிவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

பழங்குடி மக்களின் கலையைக் காட்டித்தானே ஹார்வி கம்பெனி காசு பார்த்தது? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டியதுதான். அந்தக் கம்பெனிக்கு அதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. 1905இல் நம்பேயோ என்ற புகழ்பெற்ற பானைக் கலைஞரைக் குடும்பத்தோடு ஹோப்பி ஹவுஸில் தங்க வைத்து, வந்தவர்கள் முன்னால் பானை வனைய வைத்தார்கள். அவருடைய கலை உலகத்துக்குத் தெரிந்ததற்கும் அது ஒரு காரணம். மனிதர்களைக் காட்சிப்பொருளாக வைத்ததும் அதே செயல்தான். கோல்ட்டரை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்காக இதை மறைக்க மாட்டேன்.

ராத்திரி ரயில் சத்தத்தில் தூங்க முடியுமா? ரயிலிலேயே போக முடியுமா?

சரக்கு ரயில் பகலிரவு பாராமல் போகும். சுவர் கனம், ஆனாலும் லேசாக உறங்குகிறவர்கள் சாலைப் பக்கத்து அறை கேளுங்கள். குழந்தைகளுக்கு ரயில் பிடிக்கும் என்றால் தெற்குப் பக்கம்தான். சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடுவே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் திசைக்கு ஒன்றாகத் தினமும் வின்ஸ்லோவில் நிற்கிறது. இறங்கினால் விடுதிக்கு நடந்தே போய்விடலாம்.

எந்த மாதம் போகலாம்? ஹோப்பி கிராமங்களையும் பார்க்க ஆசை.

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், குளிர்காலத்தில் பனி விழும். ஹோப்பி கிராமங்களில் படம் எடுக்கவோ, வரையவோ, பதிவு செய்யவோ அனுமதி இல்லை. செல்போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றாது, நவஹோ நிலப்பகுதி மாற்றும், அதற்கு நடுவில் இருக்கும் ஹோப்பி மாற்றாது. போன் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். டர்காய்ஸ் ரூமில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜை பதிவு செய்திருந்தால், வின்ஸ்லோ நேரத்தை ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.