‘கான்’ என்று தொடங்கும் ஏழெழுத்து ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. பட்டியல் போட்டுப் படித்தாலும் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறேன். எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. சி, ஓ, என் என்று தொடங்கி ஏழு எழுத்தில் முடியும் சொற்கள் 40-க்கு மேல் உண்டு. அகர வரிசையில் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று இன்னொன்றின் மேல் படிந்து அழித்துவிடும்.

சொல்லின் தொடக்கமும் முடிவும் மனதில் நிற்கும், நடு மங்கிவிடும். தொட்டியில் படுத்துக் குளிப்பவரின் தலையும் பாதமும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிவதுபோல என்பதால், மொழியியலில் இதற்குக் குளியல்தொட்டி விளைவு என்றே பெயர். உங்கள் சொற்களில் தலை எல்லாவற்றுக்கும் ஒன்று, நீளமும் ஒன்று. கான்டென்ட், கான்டெஸ்ட், கான்டெக்ஸ்ட் மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஆறாவது எழுத்து மட்டும் என், எஸ், எக்ஸ் என மாறுகிறது. மங்கும் இடத்தில்தான் வேறுபாடே இருக்கிறது.

அதனால் தலையை மறைத்துவிட்டு வாலைப் படியுங்கள். இந்தத் தலை பெரும்பாலும் ‘சேர்ந்து’ அல்லது ‘முழுமையாக’ என்ற பொருள் தரும் லத்தீன் முன்னொட்டு. பொருளைப் பிரித்துக் காட்டுவது வால். அந்த வால்களில் பல நாம் தமிழில் அன்றாடம் புழங்கும் சொற்களிலேயே இருக்கின்றன. கன்சென்ட் என்றால் சம்மதம். அதன் வால் சென்டிமென்டில் உள்ள ‘உணர்’. கன்ஃபார்ம் என்றால் விதிக்கு ஒத்துப்போவது; யூனிஃபார்மில் உள்ள ‘வடிவம்’. கன்வர்ட் என்றால் மாற்று. ரிவர்ஸ் கியரில் உள்ள ‘திருப்பு’. கான்டெக்ஸ்ட் என்றால் சூழமைவு. டெக்ஸ்டைலில் உள்ள ‘நெய்’. கன்டென்ட் (போட்டியிடு, வாதிடு) என்பதன் வால் டென்ஷனில் உள்ள ‘இழு’.

அதிகம் பேர் சறுக்கும் ஜோடி கன்டெம், கன்டோன். முதலாவது கண்டி, இரண்டாவது தவறைப் பொறுத்து விட்டுவிடு. நேரெதிர்ப் பொருள் என்பதால் மாற்றி எழுதினால் வாக்கியமே தலைகீழாகிவிடும். கன்டெம்முக்கு டேமேஜை நினையுங்கள், இரண்டுக்கும் வேர் ஒன்று. கன்டோனுக்கு டொனேஷன்: தண்டனையைக் ‘கொடுத்துவிட்டேன், போ’ என்று விடுவது. கன்டெம்மின் கடைசி எழுத்தான ‘என்’ ஒலிக்காது, எழுதும்போது விட்டுவிடுவார்கள். கான்டெம்னேஷன் என்று நீட்டிச் சொன்னால் அது வெளியே வந்துவிடும்.

எல்லா வாலையும் நம்பிவிடவும் கூடாது. இன்சல்ட், ரிசல்ட், கன்சல்ட் மூன்றின் முடிவும் ஒன்றுதான். முதல் இரண்டும் ‘குதி’ என்ற வேரிலிருந்து வந்தவை, கன்சல்ட் வேறு வேர். இப்படிப்பட்ட சொல்லுக்கு வேர் தேடி நேரத்தை வீணாக்காமல் ஒரு வாக்கியத்தோடு படித்துக்கொள்ளுங்கள். கானிஃபர், கானிக்கல் இரண்டிலும் இருப்பது முன்னொட்டே இல்லை, ‘கூம்பு’. பின்னால் உயிரெழுத்து வந்தாலே சந்தேகப்படுங்கள். உயிருக்கு முன்னால் அந்த முன்னொட்டு வழக்கமாகக் ‘கோ’ என்று குறுகிவிடும்.

காம் என்று தொடங்குபவையும் இதே குடும்பம்தான். மரம், கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அதே இன எழுத்துச் சமாச்சாரம். பி, எம் போன்ற இதழ் ஒலிகளுக்கு முன்னால் ‘என்’ நிற்காது, ‘எம்’ ஆகும்: கம்பேர், கம்பைன், கமாண்ட். எல்லுக்கு முன்னால் எல், ஆருக்கு முன்னால் ஆர்: கலெக்ட், கரெக்ட். எத்தனை எல், எத்தனை எம் என்ற ஸ்பெல்லிங் சந்தேகம் பாதி இதிலேயே தீரும். கம்ஃபர்ட் ஒரு விலக்கு: எஃப் வந்தும் எம் இருக்கும்.

தமிழ் பேசும் நமக்கென்று இரண்டு கண்ணிகள் உண்டு. டிக்கெட் உறுதியாவதைக் ‘கன்ஃபார்ம் ஆயிடுச்சு’ என்கிறோம். அந்தச் சொல்லில் ஐந்தாவது எழுத்து ‘ஐ’. நாம் சொல்வதுபோல ‘ஓ’ போட்டால் ‘ஒத்துப்போ’ ஆகிவிடும். உறுதி என்ற பொருளில் எழுதும்போது ‘ஃபர்ம்’ என்றே மனதுக்குள் சொல்லுங்கள். இரண்டாவது, மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம். அதனால் T எழுத்தில் முடியும் கன்டென்ட்டும் (மனநிறைவு), D எழுத்தில் முடியும் கன்டென்டும் (போட்டியிடு) காதுக்கு ஒன்றாகிவிடுகின்றன. இங்கே காதை நம்பாமல் இனச்சொல்லைத் தேடுங்கள். மனநிறைவின் இனம் கன்டென்ட்மென்ட், போட்டியிடுவதன் இனம் கன்டென்டர்.

கான், கன் வித்தியாசத்தையும் கவனியுங்கள். கான்டக்ட் என்று முதலசையை அழுத்தினால் நடத்தை. கன்டக்ட் என்று இரண்டாம் அசையை அழுத்தினால் நடத்து. கான்விக்ட் கைதி, கன்விக்ட் குற்றவாளி எனத் தீர்ப்பளி. கன்சென்ட், கன்சர்ன் இரண்டும் இதற்கு அடங்காது. பெயரானாலும் வினையானாலும் கன்தான்.

படிக்கும் முறை: ஒரு நாளைக்கு இந்தக் குடும்பத்திலிருந்து ஒரே சொல். மற்ற சொற்கள் வேறு எழுத்தில் தொடங்கட்டும். ஒத்த ஜோடியின் இரண்டாவது சொல்லைக் குறைந்தது ஒரு வாரம் கழித்து எடுங்கள். அட்டையின் முன்பக்கம் தமிழ்ப் பொருள், முதல் மூன்று எழுத்து, நான்கு கோடுகள். பின்பக்கம் முழுச் சொல், வேறுபடும் எழுத்து மட்டும் சிவப்பில், கூடவே நாலைந்து சொல்லில் ஒரு வாக்கியம். 1, 3, 7, 21-ஆம் நாள்களில் பின்பக்கம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் இதற்கு உதவாது. விடை கண்முன் இருக்கும்போது தெரிந்ததுபோலவே இருக்கும். 21-ஆம் நாளும் ஒரு ஜோடியை மாற்றி எழுதினால், அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் வைத்து நீங்களே ஒன்று எழுதி அட்டையில் ஒட்டிவிடுங்கள்.