சர்க்கரையிலிருந்து சக்தி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் ஒன் மாணவி: சார், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் 38 ஏடிபி (செல் செலவழிக்கும் சக்தி நாணயம்) கிடைக்கும் என்று ஒரு புத்தகம், 36 என்று இன்னொன்று, 30 என்று வேறொன்று. தேர்வில் எதை எழுதட்டும்?

உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கம்மா. ஆனால் இப்போது ஏற்கப்படும் கணக்கு 30 முதல் 32. சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைச் சுமந்துசெல்லும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு ஒன்றுக்கு 3 ஏடிபி என்று பழைய கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொண்டார்கள். உண்மையில் சுமார் 2.5தான் தேறும்.

ஒரு வாசகர்: நாம் இழுக்கும் ஆக்சிஜன்தானே கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பி வருகிறது?

இல்லை. அது தண்ணீராகிறது! பலரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குளுக்கோஸ் முதலில் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லின் உள்கூழில், பத்துப் படிகளில் பைருவேட் எனும் இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைகிறது. அங்கே நிகர லாபம் 2 ஏடிபி, ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை. பைருவேட் செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனபின்தான் அதன் கார்பன் கழன்று கார்பன் டை ஆக்சைடாகிறது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரப்ஸ் 1937இல் கண்டறிந்த வேதிவினைச் சுழற்சிக்கு அதில் பெரும்பங்கு. இப்படிச் சர்க்கரையிலிருந்து உரித்தெடுத்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது, புரோட்டான்கள் சவ்வின் மறுபுறம் ஏற்றப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல, அவை திரும்பி இறங்கும் வழியில் ஒரு நொதியைச் சுழற்றி ஏடிபி செய்கின்றன. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் கிடைத்தது. களைத்துவரும் எலக்ட்ரானைக் கடைசியில் வாங்கிக்கொண்டு தண்ணீராவதுதான் ஆக்சிஜனின் வேலை. சயனைடு அடைப்பது இந்தக் கடைசி வாசலைத்தான். அதனால்தான் இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிர் போகிறது.

செவிலியர் மாணவி: இரத்தச் சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே இல்லையே, சார்?

அதற்கு அந்த 2 ஏடிபியே போதும். சுமக்கும் ஆக்சிஜனைத் தன் சக்திக்குச் செலவழிப்பதில்லை. அப்படியே சுமார் 120 நாள் ஓட்டிவிடுகிறது.

கபடி ஆடும் தம்பி: மறுநாள் தொடை வலிப்பது லாக்டிக் அமிலத்தாலா சார்?

இல்லை தம்பி. தசை சர்க்கரையைப் பாதியில் உடைக்கும்போது பிறக்கும் அந்த அமிலம் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கும். அதைக் கழிவு என்று எழுதுவதே எனக்குப் பிடிக்காது. வலிக்குக் காரணம், பழகாத உழைப்பில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவு.

இல்லத்தரசி ஒருவர்: இட்லி மாவு புளிப்பதும் இதுதானா?

உறவுதான் அம்மா, பாதை சற்றே வேறு. மாவிலுள்ள பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையைப் பாதியில் விட்டுவிடும். அதில் பிறக்கும் லாக்டிக் அமிலம் மாவைப் புளிக்க வைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மாவைப் பொங்க வைக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் நொதிகள் மந்தமாகும், புளிப்பும் தள்ளிப்போகும்.