சளியா, நிமோனியாவா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் ஒன்றரை வயது மகனுக்கு நான்கு நாள்களாகச் சளி, இருமல். நெஞ்சு கறகறவென்கிறது. நிமோனியாவா என்பதை வீட்டிலேயே அறிய வழியுண்டா?

பதில்: கறகறப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளியின் ஓசையே பெரும்பாலும் நெஞ்சில் கேட்கிறது. சாதாரணச் சளி மூச்சுப்பாதையின் மேற்பகுதியோடு நின்றுவிடும். நிமோனியாவிலோ நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் நீரும் சீழும் நிறைவதால், உடல் வேகமாக மூச்சு வாங்கி அதை ஈடுகட்ட முயல்கிறது. ஆகவே குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது நிறையும் வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை மூச்சு எட்டினாலே அது வேக மூச்சுதான். உங்கள் மகனுக்கு 40ஐ நினைவில் கொள்ளுங்கள். எட்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை எதையும் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது. சென்ற முறை மீதமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளணுக்களில் உள்ள நொதியால்தான் அந்த நிறம் வருகிறது. வைரஸ் சளியிலும் அது இயல்பே. வைரஸிடம் ஆன்டிபயாட்டிக் பலிக்காது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. காய்ச்சல் இல்லை, இருமலும் குறைவு. ஆனால் நேற்றிலிருந்து சாப்பிடாமல், பேச்சில் தடுமாறுகிறார். முதுமையின் தளர்ச்சிதானா?

பதில்: அப்படி நினைத்து இன்னொரு நாளைக் கடத்திவிடாதீர்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். திடீர்க் குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். பக்கவாதம், சர்க்கரை அளவு குறைதல் போன்றவையும் இவ்வாறே தொடங்கலாம் என்பதால், எதுவாயினும் இன்றே, இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு சரியாகத் தெரிந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். நிமோனியாவை உறுதிசெய்ய மார்பு எக்ஸ்ரே தேவைப்படும்.

கேள்வி: சளி ஏறக்குறைய தணிந்த ஆறாம் நாள், குளிரோடு மறுபடியும் காய்ச்சல் வந்தது. காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. சளி ஏழு முதல் பத்து நாள்களில் படிப்படியாகக் குறையும். இருமல் மட்டும் சற்று நீளலாம். தணிந்தபின் திரும்பும் காய்ச்சலும், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலியும் பாக்டீரியா தொற்றுக்கு அறிகுறிகளாகலாம்.

கேள்வி: தடுப்பூசி உண்டா?

பதில்: சாதாரணச் சளிக்கு இல்லை, அதை 200க்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டாக்குகின்றன. நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி, 2021 முதல் இந்தியா முழுவதும் அரசுத் திட்டத்தில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய பருவங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. வைரஸால் வரும் நிமோனியாவை அது தடுக்காது என்பதால், ஊசி போட்ட குழந்தைக்கும் மூச்சை எண்ணத்தான் வேண்டும்.