வன்னியில் வசிப்பவர் குடிசனத் தொகைமதிப்பில் பங்குகொள்வது எவ்வாறு?

வன்னியிலுள்ள கிளிநொச்சியில் வீடும் கொழும்பில் வேலையும் உள்ளவர், இலங்கையின் குடிசனத் தொகைமதிப்பில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) எங்கே பதியப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் வழமையாக வசிக்கும் இடத்திலேயே கணக்கெடுக்கப்படுவார். வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கிருக்கிறது, காணி யாருடையது என்பவை இதைத் தீர்மானிப்பதில்லை.

இதற்காக நீங்கள் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. கணக்கெடுப்பாளர் வீடு தேடி வருவார். 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் அவர்கள் டப்லட் கணினியுடன் வந்தார்கள். வயது, கல்வி, தொழில், பிறந்த மாவட்டம், குடிநீர், மலசலகூடம் முதலிய விபரங்களை வீட்டிலுள்ள விபரமறிந்த பெரியவர் ஒருவரே எல்லோருக்குமாகச் சொல்லலாம். வயலுக்கோ கடலுக்கோ போகும் குடும்பமாயின், பதில் சொல்லக்கூடிய ஒருவர் எப்போது வீட்டில் இருப்பார் என்பதைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பெயர் கொடுக்கப் போரைக் கண்ட எம்மவர் தயங்குவதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை. ஆயினும் தனிநபர் விபரங்களை வெளியிடுவதைத் தொகைமதிப்புச் சட்டம் தடுக்கிறது. பதிலளிக்க மறுப்பதும் அச்சட்டப்படி குற்றமே. போர் காரணமாக 2001இல் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கணக்கெடுப்பு நடைபெறவில்லை என்பதால், 1981க்குப் பின் இம்மண்ணின் மக்கள் முழுமையாக எண்ணப்பட்டது 2012இல்தான்.