தேன்மொழியின் தங்கைக்கு என்ன பெயர்?

கேள்வி: எங்கள் மூத்த மகள் தேன்மொழி. இப்போது பிறந்திருப்பதும் பெண். இவளுக்கும் 'மொழி' என்று முடியும் பெயரே வைக்க ஆசை. மாமியார் கயல்மொழி என்கிறார், கணவர் பனிமொழி என்கிறார், எனக்குக் கனிமொழி பிடித்திருக்கிறது. பொருள் சொல்லித் தீர்த்து வையுங்கள் அம்மா.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாமியாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், கயல் வேண்டாம். கயல் என்பது கெண்டை மீன். கண்ணுக்குத்தான் அதை உவமை சொல்வார்கள். கயல்விழி என்றால் அழகு. மீன் பேசி யார் கேட்டது? காதுக்கு இனிமையாக இருக்கிற எந்தச் சொல்லையும் 'மொழி'யோடு ஒட்டிவிடும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. முன்னால் நிற்கும் சொல் பேச்சுக்குப் பொருந்த வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் மூத்தவள் பெயரை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவள் நான். அன்மொழித்தொகை நடத்தும்போது 'தேன்மொழி வந்தாள்' என்றுதான் எடுத்துக்காட்டுச் சொல்வோம். தேன் போன்ற மொழி என்பது உவமைத்தொகை. ஆனால் வந்தது மொழியா? அதைப் பேசுகிற பெண். 'பேசுபவள்' என்பது எழுத்தில் இல்லாமலே புரிந்துவிடுகிறது. வகுப்பில் அந்தப் பெயரில் ஒருத்தி இருந்துவிட்டால் அன்றைக்கு அவள் பாடு திண்டாட்டம், மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.

கனிமொழியை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். கனி போன்ற மொழி என்று உவமையாகக் கொள்ளலாம். கனிந்த, கனிகின்ற, கனியும் மொழி என்று வினைத்தொகையாகவும் கொள்ளலாம். 'இனிய உளவாக இன்னாத கூறல் கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற நூறாவது குறளைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. குறையென்றால், பள்ளியில் இன்னும் இரண்டு கனிமொழிகள் இருப்பார்கள்.

பனிமொழி, குளிர்ந்த சொல்லை உடையவள். தவறில்லை. ஆனால் குறளில் இருப்பது மூன்று சுழி 'ண'. 'பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி வாலெயிறு ஊறிய நீர்' (1121). பணிமொழி என்றால் மென்மையாகப் பேசுகிறவள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1258ஆம் குறளில் பணிமொழி பேசுகிறவன் ஆண், 'பன்மாயக் கள்வன்' என்று தலைவியிடம் திட்டும் வாங்குகிறான். எந்தச் சுழியை வைத்தாலும், பெயரை எழுதுகிற ஒவ்வொருவரும் இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கேட்கத்தான் போகிறார்கள். பரவாயில்லை என்றால் கணவர் பேச்சைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் யாழ்மொழி. வேதாரண்யம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியம்மை. யாழும் இவள் குரலுக்கு ஈடில்லை என்று பொருள். அதனால்தானோ என்னவோ, அந்தக் கோயிலில் சரசுவதி கையில் வீணை இல்லை, சுவடி இருக்கிறது. மூடிக்கிடந்த கதவைத் திறக்க அப்பர் அங்கே பாடிய பதிகமும் 'பண்ணின் நேர்மொழியாள்' என்றுதான் தொடங்குகிறது. தேன் நாவுக்கு, யாழ் செவிக்கு. அக்காளுக்கும் தங்கைக்கும் சண்டை வராது. ஒரு நிபந்தனை உண்டு. இந்தப் பெயரில் இரண்டு ழகரம். வீட்டில் எல்லோரும் 'யால்மொலி' என்று கூப்பிடுவதாக இருந்தால் கனிமொழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு அருள்மொழி என்று பெயர் வைத்தோம். அது ஆண் பெயர் என்கிறார் என் அண்ணன். நாங்கள் புனேயில் இருப்பதால் பக்கத்து வீட்டார் 'அருல்மோஜி' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், புனே

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. முதலாம் இராசராசனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். புணர்ச்சியில் ள் என்பது ண் ஆகியிருக்கிறது, வேறு பெயரல்ல. ஆனால் அருள்மொழி என்ற பெயரில் பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அருளோடு பேச ஆணென்ன, பெண்ணென்ன?

பக்கத்து வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலத்தில் நாம் ழகரத்துக்கு எழுதுகிற இசட், எச் இரண்டையும் பார்த்தால் அவர்கள் வாயில் 'ஜ' தான் வரும். மலேசியாவில் பலர் எல் போட்டு எழுதிவிடுகிறார்கள். உச்சரிப்பு அதற்கு ஓரளவு கிட்டவே வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துமுறையைத் தேர்ந்துகொண்டு, ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் அதையே எழுதுங்கள். பெயரை மாற்ற வேண்டாம்.

கேள்வி: பெயர் முடிவாகவில்லை. பிறப்பைப் பதியாமல் காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பெயர் இல்லாமலே பதியலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, பதிவு செய்ததிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். அதற்காக அதுவரை 'பாப்பா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள்.