கொரங்காட்டு ராக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் விடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காற்றடித்து, வாய் கீழே இருக்கும்படி மேலே ஏவுவதுதான் அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். பம்புசெட் பட்டறையில் முப்பது வருடம் காற்றழுத்தத்தோடும் தண்ணீரோடும் பழகியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகன் ஏழாவது படிக்கிறான். மொபைலை எடுத்தால் ராக்கெட் வீடியோதான். எங்கள் ஊரில் அவனோடு இதைப் பேச ஒருத்தரும் இல்லை. உங்கள் பிள்ளைகளின் குழுவில் சேர்க்கலாமா? முன்பின் தெரியாதவர்களோடு பேசவிடப் பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், திருச்செங்கோடு

பயப்படுவது சரிதானுங்க அம்மணி. அந்தப் பயத்தை விடாமலே சேருங்க.

எங்கள் கூட்டு இரண்டே பிள்ளைகளோடு ஆரம்பித்தது. காங்கயத்தில் ஒரு பையன், அன்னூரில் ஒரு பொண்ணு. இருவர் ராக்கெட்டும் பத்தடி ஏறியதும் குட்டிக்கரணம் போட்டன. இருவருமே சிறகைப் பாட்டிலின் நடுவில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பொண்ணு சிறகைக் கீழே, பாட்டில் வாய்ப்பக்கம் இறக்கி ஒட்டினாள். மூக்கில் ஒரு உருண்டை களிமண் வைத்தாள். நேராக ஏறியது. அதை எழுதி அனுப்பினாள். மறுநாள் இவனுடையதும் நேராக ஏறியது. பின்னால் கனம் கூடி, காற்றைப் பிடிக்கும் சிறகு முன்னால் போய்விட்டால் ராக்கெட் திரும்பிக்கொள்ளும் என்பதை நான் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் நம்பியது அவளுடைய நாலு வரியைத்தான். இப்போது ஏழு ஊர், பதினோரு பிள்ளைகள்.

குழுவில் இருப்பது பெற்றோர் எண்கள் மட்டும். 13 வயது நிறையாதவர்கள் தாங்களாகவே வாட்ஸ்அப் கணக்கு வைக்கக் கூடாது. அதோடு, குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் அம்மா அப்பா மொபைலில், அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது எழுதுகிறார்கள். தனிச்செய்தி கிடையாது, நானே எந்தப் பிள்ளைக்கும் தனியாக எழுதமாட்டேன். படத்தில் ராக்கெட் இருக்கட்டும். முகம் வேண்டாம், பள்ளிக்கூடப் பேர் போட்ட சட்டை வேண்டாம். எந்தக் காட்டில் விடப்போகிறோம் என்று முன்கூட்டிப் போடுவதில்லை. வீடு திரும்பிய பிறகுதான் போடுவோம். புதிதாகச் சேருகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு நேரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுத்தான் சேரவேண்டும். நீங்களும் வாங்க.

இன்னொன்று. வீடியோ மட்டும் போடுகிற குழு இரண்டு மாதத்தில் படுத்துவிடும். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் நோட்டுப் போட வேண்டும்: எந்த பாட்டில், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று, என்ன ஆச்சு. விழுந்ததைக் கட்டாயம் போட வேண்டும். போன வாரம் வந்த ஒன்று இப்படி: “தண்ணி 700 மில்லி. காத்து 50. கெளம்பி எடது பக்கம் சாஞ்சு கிளுவை வேலில மாட்டிருச்சு. ஒரு சிறகு ஈரத்துல பிரிஞ்சு தொங்குச்சு.” அதற்குக் கீழே காங்கயத்துப் பையன் கேட்டது, “என்ன டேப்பு?” அவன் அம்மா சொன்னார்கள், அன்றைக்குத்தான் அவன் வீடியோ பார்க்காமல் வேறொருத்தர் பதிலுக்காக மொபைலைப் பார்த்தபடி இருந்தானாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் கடையில் மோட்டார் வாங்கி ராக்கெட் விடுகிறார்கள். பட்டாசு மருந்தில் நாமே செய்தால் என்ன என்று என் தம்பி மகன் கேட்கிறான்.
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

செய்ய விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளி முடிந்த நாலாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் குழுவில் ஒரு படம் வந்தது. செய்தித்தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல், பக்கத்தில் ஒரு சாண் ஜி.ஐ. பைப்பு. எங்கள் பையன் ஒருவன் மிச்சப் பட்டாசைப் பிரித்துச் சுரண்டியிருக்கிறான். அன்னூர்ப் பொண்ணின் அப்பா எனக்குப் போன் செய்தார். நான் அந்த வீட்டுக்குக் கூப்பிட்டு, யாரும் அதைத் தொடவேண்டாம், அடுப்பை அணையுங்கள் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். போய்ச் சேர்ந்து முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தோம். இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தால் அது ராக்கெட் இல்லை, குண்டு. அந்தப் பையன் கெட்டிக்காரன், இன்றும் எங்களோடு இருக்கிறான். அவன் அதைக் குழுவில் போட்டதால்தான் பிழைத்தான். ஒளித்துச் செய்யாமல் சொல்ல ஓர் இடம் இருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1957 அக்டோபரில் சோவியத் ரஷ்யாவின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தபோது அங்கே பிள்ளைகள் இரும்புக் குழாயில் கலவையை அடைத்துக் கை விரலை இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், தம் சகோதரரோடு சேர்ந்து 1954 வாக்கிலேயே காகிதக் கூட்டில் ஒரு சின்ன ராக்கெட் செய்திருந்தார். அதை ஜி. ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளருக்கு அனுப்பினார். அதிலிருந்து கிளம்பியதுதான் இந்தப் பொழுதுபோக்கு. மோட்டாரைத் தொழிற்சாலை செய்யும். பிள்ளை கூட்டை மட்டும் செய்யும். உடல், மூக்கு, சிறகு எதிலும் உலோகம் கூடாது. திரியைத் தீக்குச்சியால் கொளுத்தக் கூடாது. தள்ளி நின்று மின்சுவிட்சால் மட்டுமே. மோட்டாரில் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும்; எழுத்து ஒன்று ஏறினால், மோட்டார் எரிந்து முடிவதற்குள் தரக்கூடிய மொத்த உந்தத்தின் உச்ச அளவு இரண்டு மடங்காகும். எரிந்து முடிந்து சில நொடி கழித்து அதுவே பாராசூட்டை வெளியே தள்ளும்.

இங்கே வெடிமருந்து செய்வது 1884 வெடிபொருள் சட்டத்திலும் 2008 விதிகளிலும் அடங்கும். உரிமம் இல்லாமல் வீட்டில் கலப்பது குற்றம். அதனால்தான் நாங்கள் தண்ணீரும் காற்றும். அதிலும் கட்டுப்பாடு உண்டு. குளிர்பான பாட்டில் மட்டும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, வெடிக்கும். காற்று 60 பிஎஸ்ஐ (பம்பு மீட்டரில் காட்டும் அழுத்த அளவு) தாண்டக் கூடாது. மீட்டர் வைத்த கைப்பம்பு வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசர் பக்கமே போகாதீர்கள். கயிறு இழுத்து விடுகிறவர் ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கட்டும். மடிந்த, வெள்ளைக் கோடு விழுந்த பாட்டிலைத் தூக்கி எறியுங்கள்.

என் ராக்கெட் 300 அடி போனதாக அண்ணன் சொல்கிறான். குழுவில் நான் எவ்வளவு என்று எழுத?
– எட்டாம் வகுப்பு மாணவி, தாராபுரம்

அளந்து எழுது கண்ணு. அண்ணன் சொன்னதை எழுதாதே.

கோணமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டு. நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடு. ராக்கெட் கிளம்பும் இடத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று, ஸ்ட்ரா வழியாக அதைத் தொடர்ந்து பார். உச்சியில் நின்றதும் நூலை விரலால் அழுத்திப் பிடி. நூல் 48-இல் நின்றால், 90-இல் கழி: 42 டிகிரி. டான்ஜென்ட் எல்லாம் இப்போது வேண்டாம். கிராப் தாளில் 1 சென்டிமீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்து 10 சென்டிமீட்டர் கோடு போடு. ஒரு முனையில் 42 டிகிரிக்குக் கோடு இழு, மறுமுனையில் நேரே மேலே ஒரு கோடு. இரண்டும் சந்திப்பது 9 சென்டிமீட்டர் உயரத்தில். 36 மீட்டர். உன் கண் உயரம் 1.3 மீட்டர் சேர்த்தால் 37 மீட்டர் சொச்சம், 122 அடி. நல்ல உயரம்தான்.

நீ நிற்கிற பக்கமும் முக்கியம். உங்கள் ஊருக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. ராக்கெட் கிழக்கு மேற்காகத்தான் சாயும். நீ கிழக்கே நின்றால், அது உன்னைப் பார்த்துச் சாயும்போது கோணம் கூடி உயரமும் பொய்யாகக் கூடிவிடும். வடக்கிலோ தெற்கிலோ நில். ஆடிக்காற்றில் மட்டும் விடாதே சாமி, உன் ராக்கெட்டைக் கரூர் ரோட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

நாமக்கல் மாவட்டத்தில் நாலைந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை இதில் சேர்த்திருக்கிறோம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. என்ன போட்டி வைக்கலாம்?
– ஓர் ஆசிரியர், நாமக்கல்

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமாங்க? முட்டைதான்!

அமெரிக்காவில் 2003-லிருந்து மாணவர்கள் பச்சை முட்டையை ராக்கெட்டில் ஏற்றி, உடையாமல் இறக்குகிற போட்டி நடக்கிறது. அவரவர் பள்ளி மைதானத்தில் விட்டு, அளவை மட்டும் பகிர்ந்துகொண்டால் போதும். ஒரு முட்டை ஏறத்தாழ 50 கிராம், மூக்குக்கு வேண்டிய கனமும் ஆச்சு. மூக்கை இறுக்கி ஒட்டாமல் சும்மா கவிழ்த்து வைத்தால், உச்சியில் அது கழன்று உள்ளே மடித்து வைத்த பாலிதீன் பாராசூட்டை இழுத்துக்கொண்டு வரும். சுற்றி நிற்கிற எல்லோரும் தலைக்கு மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

சித்தம்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஏதாவது உங்கள் கூட்டில் இருந்தால், அவர்களை அந்த ஊர்க் கல்லில் ஒரு துண்டை முட்டையோடு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். நிலவின் மேட்டுநிலப் பாறையைப் போலவே இருப்பதால், சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் செய்ய இஸ்ரோ எடுத்துக்கொண்டது அந்தக் கல்லைத்தான். முட்டை உடைந்தால் எந்தப் பக்கம் விரிசல் விட்டது, பாராசூட் எப்போது திறந்தது என்று பிள்ளைகள் எழுதட்டும். எங்கள் பதினோரு பேரும் அதைப் படிக்கக் காத்திருக்கிறார்கள்.