சத்தம் தாங்காத பிள்ளைக்கு ‘கன்ட்ரி ரோட்ஸ்’ ஒத்துவருமா?

காவடித் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் எட்டு வயது மகனுக்கு, அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் 1971-ஆம் ஆண்டுப் பாட்டான ‘கன்ட்ரி ரோட்ஸை’க் காரில் போடலாமா என்று டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அக்கா.

போடலாம். ஆனால் முதலில் நீங்கள் தனியாகக் கேளுங்கள். சத்தம் எவ்வளவு என்பதைவிட, அது எப்படி மாறுகிறது என்பதுதான் இப்படிப்பட்ட பிள்ளைகளை அதிகம் உலுக்கும். இந்தப் பாட்டு கிட்டாரோடு மெதுவாகத் தொடங்குகிறது. குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். வேகமும் சீரானது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 தட்டு. பல்லவியில் கூட்டுக்குரல்கள் சேரும்போது பாட்டு தடிக்கும். இரண்டாம் பல்லவிக்குப் பிறகு மெட்டு மாறி, குரல் மேலே ஏறும் இடம்தான் உச்சம். அங்கே அவன் தோள் இறுகுகிறதா, விரல் காதுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

பாட்டில் வரும் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தையும் கவனியுங்கள். அதன் ஒவ்வொரு மீட்டலும் கூர்மையாகத் தெறிக்கும். நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான உயர்ந்த ஒலிகளுக்குத்தான் மிகக் கூர்மை, அதனால் காரில் அந்த உயர் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் டிரெபிளைக் கொஞ்சம் இறக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கச்சேரிப் பதிவு வேண்டாம், கைதட்டல் திடீரென்று வெடிக்கும். அடுத்த பாட்டு தானாக ஓடாதபடியும் நிறுத்தி வையுங்கள்.

என் தங்கை மகளுக்கு நான் முதலில் பல்லவியை வாயால் பாடிக் காட்டினேன். வரப்போவது தெரிந்ததும் அவள் கை மடியிலேயே இருந்தது.